3,500 ரூபாய் "லைஃப்டைம் லைசென்ஸ்", அதோடு வந்த இலவசத் தொல்லை

பழைய லேப்டாப்பை இரண்டாவது ஸ்கிரீனாக மாற்றித் தருகிறேன் என்று திருப்பூரில் யாராவது காசு கேட்டால், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

மூன்று பனியன் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். ஒரு பக்கம் டேலி கணக்கு மென்பொருள், இன்னொரு பக்கம் சாயப்பட்டறை பில், நிட்டிங் பில் எல்லாம் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். ஒரே ஸ்கிரீனில் மாற்றி மாற்றிப் பார்த்தால் ஜிஎஸ்டி தேதிக்குள் கண்ணே பூத்துவிடும். டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர், "ஏனுங்ணா, புது மானிட்டர் எதுக்குங்க, பழைய லேப்டாப்பையே வைஃபைல சேர்த்து விட்டர்றேனுங்க, லைஃப்டைம் லைசென்ஸுங்க" என்றார். 3,500 கொடுத்தேன். பில் கேட்டதற்குத் துண்டுச்சீட்டில் "சர்வீஸ்" என்று எழுதித் தந்தார். ஊருக்கெல்லாம் கணக்கு எழுதுகிற நான் அதையும் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன் பாருங்கள்!

வேலை செய்தது, ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்பு நின்று நின்று வந்தது. "ரவுட்டரை மாத்துங்ணா" என்றார். லீவுக்கு வந்த அக்கா மகன் பார்த்துவிட்டு, "மாமா, இது ஸ்பேஸ்டெஸ்க்னு ஒரு சாஃப்ட்வேர், சொந்த உபயோகத்துக்கு ஃப்ரீ" என்றான். தொழிலுக்கு என்றால் உரிமம் வாங்க வேண்டுமாம். அதையும் கடைக்காரர் வாங்கவில்லை, லைசென்ஸ் கீ இல்லை, மெயில் இல்லை. ரவுட்டரிலிருந்து இரண்டு லேப்டாப்புக்கும் லேன் கேபிள் போட்டான், திணறல் நின்றுவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே ஸ்கிரீனைப் பார்க்கிறேன், மவுஸ் அம்பு தானாக நகர்ந்து டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறக்கிறது. கை கழுவக்கூட நேரமில்லாமல் ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கினேன். காலையில் கேட்டால், "நான்தானுங்ணா, அப்டேட் போட்டேனுங்க" என்கிறார், ஏதோ என் வீட்டு வாசலைப் பெருக்கிவிட்டுப் போனதைப் போல. ஸ்கிரீன் மென்பொருளோடு சேர்த்து, தூரத்திலிருந்து இயக்குகிற ரிமோட் மென்பொருள் ஒன்றையும் போட்டு, நான் சம்மதம் கொடுக்காமலே எப்போது வேண்டுமானாலும் உள்ளே வருகிற மாதிரி பாஸ்வேர்டும் வைத்திருக்கிறார். ஸ்கிரீனை நீட்டுவதற்கு அது தேவையே இல்லை. அதை எடுத்துவிட்டு, வேறு போனிலிருந்து பேங்க் பாஸ்வேர்டு, ஜிஎஸ்டி பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்றினேன்.

இதில் இன்னொரு கூத்து, விண்டோஸ் 10லேயே இந்த வசதி இருக்கிறது. பழைய லேப்டாப்பில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் வயர்லெஸ் டிஸ்ப்ளேவைச் சேர்த்து, கனெக்ட் ஆப்பைத் திறந்து வைத்துவிட்டு, நாம் வேலை பார்க்கிற லேப்டாப்பில் விண்டோஸ் பட்டனோடு கே அழுத்தி அதைத் தேர்ந்தெடுத்தால் போதும், இரண்டிலும் வைஃபை மிராகாஸ்டுக்கு (கேபிள் இல்லாமல் ஸ்கிரீனை அனுப்புகிற முறை) ஒத்துவந்தால் பைசா செலவில்லை.

உங்கள் லேப்டாப்பையும் இப்படி யாரிடமாவது கொடுத்து வாங்கியிருந்தால் இன்றைக்கே இன்ஸ்டால் ஆன மென்பொருள் பட்டியலைத் திறந்து பாருங்கள். பணம் ஏதும் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள். எனக்கு அப்படி எதுவும் போகவில்லை, அந்த 3,500 மட்டும்தான். நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லியிருக்கிறேன். நேற்றும் கடைக்காரருக்கு அடித்தேன், முழு ரிங் போகிறது, எடுக்கவில்லை.