ஜென்ஜியாங் கறுப்பு வினிகர்: எதை வாங்குவது, ஏன் அந்த ஊருக்கே போய் வாங்குவது

சீனாவில் எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தாலும் வினிகருக்கென்று ஒரு பெரிய அலமாரி இருக்கும். பெரும்பாலும் கறுப்பு பாட்டில்கள். எழுத்தும் புரியாது, எதை எடுப்பதென்றும் தெரியாது. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பாட்டில்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஜென்ஜியாங் வினிகரை வாங்குங்கள். முடிந்தால் அந்த ஊரில் இறங்கி, அங்கே அதை எதோடு சேர்த்துச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், ஏனென்றால் இதைத் தனியாக ஒரு ஸ்பூனில் நக்கிப் பார்த்து மதிப்பெண் போட்டால் பாதிதான் தெரியும்.

ஜியாங்சு மாகாணத்தில், யாங்சி ஆற்றின் தென்கரையில், தெற்கையும் பெய்ஜிங்கையும் இணைக்கிற பழைய நீர்வழியான பெருங்கால்வாய் அந்த ஆற்றோடு சந்திக்கிற இடத்தில் இருக்கிற துறைமுக நகரம் ஜென்ஜியாங். ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம், நான்ஜிங்கிலிருந்து அரை மணி நேரம். டிக்கெட் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 'ஜென்ஜியாங்' என்று ஒரு நிலையமும் 'ஜென்ஜியாங் தெற்கு' என்று ஒரு நிலையமும் உண்டு. முதலாவதுதான் ஊருக்குள் இருக்கிறது.

சரி, வினிகர். கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றிச் சுற்றிப் பாருங்கள். டம்ளரின் சுவரில் பழுப்பு நிறப் படலம் ஒட்டி மெதுவாகக் கீழே இறங்கும். வெள்ளை வினிகர் மூக்கில் ஏறுவது போல இது ஏறாது. முதலில் வறுத்த அரிசி வாசனை, அப்புறம் லேசான இனிப்பு, கடைசியில்தான் புளிப்பு. பழம்புளியைக் கரைத்தால் வருகிற அந்த ஆழம் இதிலும் இருக்கிறது. வடக்கே ஷான்ஷி மாகாணத்தில் செய்கிற கறுப்பு வினிகரும் புகழ்பெற்றதுதான், ஆனால் அது சோளத்தில் செய்வது, புகை வாசனையும் காரமான புளிப்பும் அதிகம். ஜென்ஜியாங்கில் மூலப்பொருள் ஒட்டும் அரிசி. அந்த மென்மை அங்கிருந்துதான் வருகிறது.

செய்முறையைத் தெரிந்துகொண்டால் விலை இவ்வளவு குறைவா என்று ஆச்சரியப்படுவீர்கள். அரிசியை ஊறவைத்து, வேகவைத்து, முதலில் மதுவாக்குகிறார்கள். அந்த மதுவோடு கோதுமைத் தவிடும் உமியும் சேர்த்து ஈரமான பொலபொலப்பான கலவையாக்கி, தொட்டியில் கொட்டி, மேலிருந்து கீழாக அடுக்கடுக்காகக் கிளறிவிடுகிறார்கள். புளிப்பை உண்டாக்கும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும், உமிதான் அந்தக் காற்றுக்கு இடம் விடுகிறது. வினிகரைத் திரவமாகவே புளிக்க வைப்பதற்கும் இப்படித் திடமாகப் புளிக்க வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் ருசியில் அப்படியே தெரியும். பிறகு தண்ணீர் ஊற்றி வடித்து, கருக வறுத்த அரிசியால் நிறம் ஏற்றி, காய்ச்சி, ஜாடியில் அடைக்கிறார்கள். மது, கலவை, வடிப்பு என்று மூன்று கட்டம், நாற்பதுக்கு மேற்பட்ட படிகள், எழுபது நாள் வேலை. அதற்கப்புறம்தான் ஜாடியில் வைத்துப் பழுக்க வைக்கிற காலம் தொடங்குகிறது. இந்தக் கைத்திறனை 2006இல் சீன அரசு தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியமும் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறது.

லேபிளில் இரண்டு விஷயம் பார்த்தால் போதும். ஒன்று, சேமிப்புக் காலம். ஜென்ஜியாங் நறுமண வினிகர் என்று போட வேண்டுமென்றால் குறைந்தது 180 நாள் ஜாடியில் இருந்திருக்க வேண்டும், முதிர்ந்த வினிகர் என்றால் 365 நாள். இரண்டு, அமிலத்தன்மை. 100 மில்லிக்கு 5 கிராம், 5.5 கிராம், 6 கிராம் என்று எண்ணில் போட்டிருப்பார்கள். தொட்டுக்கொள்ள 5.5க்கு மேல் உள்ளது எனக்குப் பிடிக்கிறது, சமைப்பதற்கு 5 போதும். கோதுமைத் தவிடு சேர்வதால் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. மற்றபடி அரிசி, தவிடு, உப்பு, சர்க்கரை, தண்ணீர் என்று சைவம்தான்.

இந்த ஊரில் மிகப் பெரிய பெயர் ஹெங்ஷுன். 1840இல் தொடங்கிய நிறுவனம். நகரத்துக்கு வெளியே டான்டு பகுதியில் அவர்கள் நடத்துகிற வினிகர் அருங்காட்சியகத்துக்குத் தாராளமாக அரை நாள் கொடுக்கலாம். வாசலுக்குப் போவதற்கு முன்னாடியே வாசனை வந்துவிடும். பழைய தொட்டிகளையும் ஜாடிகளையும் பார்த்தபிறகு, கடையில் ஆறு மாத வினிகரையும் பல வருட வினிகரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எதற்காகக் காசு கொடுக்கிறோம் என்று தெளிவாகப் புரிகிறது.

ஊர்க்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றி மூன்று விசித்திரம் சொல்வார்கள்: வினிகர் எத்தனை நாள் வைத்தாலும் கெடாது, இறைச்சியைத் தனிப் பதார்த்தமாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், நூடுல்ஸ் பானைக்குள்ளேயே மூடியும் வேகும். மூன்றாவதை நேரில் பார்த்தே ஆக வேண்டும். அகலமான பெரிய பானை, அதில் கொதிக்கிற தண்ணீர், அதன்மேல் பானை வாயைவிடச் சின்னதாக ஒரு மரமூடி மிதக்கிறது. மூடியைச் சுற்றி நுரை பொங்கி ஓரமாக வழிந்துவிடும், நடுவில் நூடுல்ஸ் ஒட்டாமல் வேகும். மாவைப் பிசைவதும் தனி வேலை. ஒரு மூங்கில் கழியின் ஒரு முனையைச் சுவரோரம் பொருத்தி, மறுமுனையில் ஆள் உட்கார்ந்து குதித்துக் குதித்து மாவை அழுத்துகிறார். அதனால்தான் நூடுல்ஸ் பல்லுக்கு அவ்வளவு உறுதியாக இருக்கிறது. மசாலா போட்டுக் காய்ச்சிய சோயா சாறு, மேலே உங்களுக்குப் பிடித்த டாப்பிங், அப்புறம் மேசையில் இருக்கிற வினிகரைத் தயங்காமல் ஊற்றிக்கொள்ளுங்கள். சாறின் உப்பை வினிகர் வெட்டி, எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. இந்த வினிகர் எதற்காகப் பிறந்தது என்பதற்கு அந்த ஒரு கிண்ணமே பதில். காலை நேரத்தில் உள்ளூர்க்காரர்கள் நிறைந்திருக்கிற சின்னக் கடையாகப் பார்த்துப் போங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: டோஃபு டாப்பிங் கேட்டாலும் அடியில் இருக்கிற சாறில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது அங்கே சாதாரணம். மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதிக் காட்டி, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அசைவக்காரர்களுக்கு, உப்பில் ஊறவைத்து, வேகவைத்து, அழுத்தி, குளிர்ந்ததும் பளபளக்கும் ஜெல்லியோடு துண்டு போடுகிற பன்றி இறைச்சி இருக்கிறது. மெல்லிசாக நறுக்கிய இஞ்சி, வினிகர், காலைத் தேநீர், இதோடுதான் அது வரும். இலையுதிர் காலத்தில் போனால் நண்டு. அதற்கும் இஞ்சியும் வினிகரும்தான்.

இவ்வளவு வினிகர் பேசிவிட்டு ஆற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தெற்கில் விளைந்த தானியம் பெருங்கால்வாய் வழியாக பெய்ஜிங் போக வேண்டுமென்றால் இங்கேதான் யாங்சியைத் தாண்ட வேண்டும். அந்தத் தானியப் பாதையை அடைத்தால் தலைநகரம் பணியும் என்று தெரிந்துதான் முதல் அபினிப் போரில், 1842 ஜூலையில், ஆங்கிலேயர்கள் இந்த ஊரைத் தாக்கினார்கள். அந்தப் படையில் மதராஸ் காலாட்படைப் பிரிவுகளும் இருந்தன. நம் பக்கத்துச் சிப்பாய்கள் யாருடைய போரையோ இந்தக் கரையில் வந்து சண்டை போட்டிருக்கிறார்கள் என்பது அங்கே நிற்கும்போது மனதை அறுக்கிறது. மறுமாதமே போரை முடித்த நான்ஜிங் உடன்படிக்கை. பிறகு 1861இல் ஊர் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. 1890இல் கட்டிய ஆங்கிலத் தூதரகக் கட்டடம் இன்று நகர அருங்காட்சியகமாக இருக்கிறது.

அதன் பக்கத்திலேயே ஷீஜின்டு என்கிற பழைய படகுத்துறைத் தெரு. நடுவில் கல் பாவிய பாதையில் ஒற்றைச் சக்கர வண்டிகள் போய்ப் போய்த் தேய்த்த பள்ளம், விரலை வைத்துத் தடவிப் பார்க்கிற அளவுக்கு இருக்கிறது. ஓரிடத்தில் தோண்டி, கண்ணாடி போட்டு, ஒரு காலத்துப் பாதையின் மேல் இன்னொரு காலத்துப் பாதை ஏறியிருப்பதைக் காட்டுகிறார்கள். யுவான் அரசமரபின் காலத்துக் கல் ஸ்தூபம் ஒன்று தெருவுக்குக் குறுக்கே வளைவின்மேல் நிற்கிறது, அதன் கீழே நடந்தாலே புத்தரை வணங்கிய கணக்கு. ஆனால் ஆறு எங்கே என்று தேடுவீர்கள். வண்டல் சேர்ந்து சேர்ந்து கரை சில நூறு மீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஒரு காலத்தில் ஆற்றுக்கு நடுவே தீவாக இருந்த ஜின்ஷான் குன்றையும் அதே வண்டல்தான் கரையோடு சேர்த்தது. வெள்ளைப் பாம்புப் பெண் தன் கணவனை மீட்க வெள்ளத்தை ஏவினாள் என்கிற சீன நாட்டுப்புறக் கதை நடப்பது அந்த ஜின்ஷான் கோயிலில்தான். குன்றையே மூடிக் கட்டிய கோயில், உச்சியிலிருக்கும் கோபுரத்தில் ஏறினால் ஆறும் ஊரும் தெரியும். இன்னும் தீவாகவே இருக்கிற ஜியாவோஷானுக்குப் படகில் போகலாம். பழைய கல்வெட்டுகளில் ஆர்வம் இருந்தால் அதை விடாதீர்கள். நேரம் மிஞ்சினால், 1938இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க எழுத்தாளர் பேர்ல் பக் வளர்ந்த ஊர் இது, அவர் பெயரில் நினைவில்லம் உண்டு.

பழைய படகுத்துறை போனதே தவிர துறைமுகம் போகவில்லை. கிழக்கே டாகாங் பக்கம் சரக்குக் கப்பல்கள், பெரிய காகித ஆலை, ரசாயனத் தொழிற்சாலைகள். இந்த நகராட்சிக்குள்ளேயே வருகிற டான்யாங்கில் மூக்குக்கண்ணாடி லென்ஸ் பெரிய தொழில், ரயில் நிலையத்தை ஒட்டியே கண்ணாடிச் சந்தை இருக்கிறது. இதையெல்லாம் சுற்றிப் பார்க்க எதுவுமில்லை, ஆனால் இது பழம்பெருமையை மட்டும் வைத்துப் பிழைக்கிற ஊர் இல்லை என்று தெரிந்துகொள்வது நல்லது.

எங்கே வாங்குவது? ஷீஜின்டு தெருவில் அல்ல. அங்கே ஒரு கடையில் அழகான பீங்கான் ஜாடியை நீட்டினார்கள், திருப்பிப் பார்த்தால் சேமிப்புக் காலமும் இல்லை, அமில அளவும் இல்லை, விலை மட்டும் பல மடங்கு. பரிசுப் பெட்டிக்கு அப்படிக் காசு போக வேண்டாம். ஊருக்குள் ஏதாவது சூப்பர் மார்க்கெட்டில் அரை லிட்டர் பாட்டில் பத்துப் பதினைந்து யுவானுக்கே நல்லதாகக் கிடைக்கும். அலிபே என்கிற சீனப் பணச் செயலியில் நம் கார்டை இணைத்துவிட்டால் பணம் கட்டுவதும் சுலபம். தினசரிச் சமையலுக்கு ஆறு மாத வினிகர் ஒன்று, தொட்டுக்கொள்ள மூன்று வருட வினிகர் ஒன்று, இது போதும். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், கண்ணாடி பாட்டிலைத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, பெரிய பெட்டியில் வையுங்கள். கொஞ்ச நாள் கழித்து அடியில் வண்டல் தங்கினால் பயப்பட வேண்டாம், அது இந்த வகை வினிகரின் இயல்பு. குலுக்கிவிட்டு ஊற்றினால் சரி.