ஸ்குவையர் பிரான்கோ பேஸ்: ஹாட் ரெயில்ஸ் பிக்கப்பும் நான்கு சாடில் பிரிட்ஜும்

ஸ்குவையர் பிரான்கோ என்ற பேஸ் கிட்டாரை வாங்கியவர்களில் பலர் சீக்கிரமே அதன் பிக்கார்டை (முன்பக்கத்து பிளாஸ்டிக் தகட்டை) கழற்றிப் பார்த்துவிடுவார்கள். 30 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்), வழுக்கிக்கொண்டு போகும் மேப்பிள் நெக், கைக்கு அடக்கமான பாடி எல்லாம் சரிதான். தொல்லை தருவது தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பிக்கப்பும், பாடியில் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜும். இந்த இரண்டையும் மாற்றினால் போதும். தந்தியை முறுக்கும் டியூனரை மாற்றுவதால் ஒலி ஒன்றும் கூடிவிடாது.

பிளாஸ்டிக் மூடிக்குள் இருப்பது ஆறு காந்த முனைகள் (போல்) உள்ள, ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட்) வகை கிட்டார் பிக்கப். தந்தியோ நான்கு, எல்லாத் தந்தியும் போலுக்கு நேராக வராது. சிங்கிள் காயில் (ஒரே கம்பிச்சுருள்) என்பதால் இரைச்சல் வேறு. இதில் ஒரு வசதியும் உண்டு: பிக்கார்டில் இருக்கும் ஓட்டை ஸ்ட்ராட் அளவு. அந்த அளவில் வரும் எந்தப் பிக்கப்பும் மரத்தைக் குடையாமல் உட்காரும். உள்ளே பள்ளத்தின் ஆழத்தை மட்டும் முன்பே அளந்துகொள்ளுங்கள்.

சீமோர் டங்கன் நிறுவனத்தின் ஹாட் ரெயில்ஸ் பிக்கப்பை நிறையப் பேர் இதில் போடுவதற்குக் காரணம் அதன் பிளேடு. நீளவாக்கில் இரண்டு இரும்புப் பட்டைகள் இருப்பதால் தந்தி எங்கே போனாலும் கவலையில்லை. இரண்டு காயில் என்பதால் இரைச்சலும் அடங்கிவிடும். கிட்டார் பிக்கப் பேஸுக்கு ஆகுமா என்று யோசிக்க வேண்டாம். முன்பு இருந்ததும் கிட்டார் பிக்கப்தான். நெக், பிரிட்ஜ் என்று இரண்டு வகையில் கிடைக்கும். பிரிட்ஜ் வகையில் சுற்று அதிகம். சத்தம் பலமாக வரும், ஆனால் தெளிவு குறையும். பேஸுக்கு நெக் வகையே போதும்.

வயரிங்கில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். ஹாட் ரெயில்ஸின் கறுப்பு வயர் வால்யூம் பாட்டின் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டரின்) உள்வரும் காலுக்கு. பச்சையும் உறையில்லாத வயரும் பாட்டின் முதுகுக்கு. சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாகப் பற்றவைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூட வேண்டும். இது சீரிஸ் இணைப்பு, அதாவது இரண்டு காயிலும் ஒன்றன்பின் ஒன்றாக. அந்தச் சிவப்பு-வெள்ளை முடிச்சு பிக்கார்டின் அடியில் ஒட்டிய அலுமினியத் தாளிலோ பாட்டிலோ பட்டுவிட்டால் ஒரு காயில் செத்துப்போகும். சத்தம் மெலிந்து, இரைச்சல் திரும்பி வந்தால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

சீரிஸ் பேஸுக்குச் சற்று முரட்டுத்தனமாகவே இருக்கும். ஆம்ப்பின் முதல் நிலையிலேயே ஒலி உடைய ஆரம்பிக்கும். ராக் வாசிப்பவர்களுக்கு அதுவே பிடித்துப்போகலாம். மற்றவர்களுக்குப் பேரலல் (இரண்டு காயிலும் பக்கம் பக்கமாக) நல்லது: கறுப்பும் சிவப்பும் சேர்ந்து ஹாட் (சிக்னல் போகும் பக்கம்), பச்சையும் வெள்ளையும் உறையில்லாத வயரும் சேர்ந்து கிரவுண்ட். அவுட்புட் இறங்கும், விரலின் அடி தெளிவாகக் கேட்கும், இரைச்சல் வராது. மல்டிமீட்டரில் பார்த்தால் பேரலலில் ரெசிஸ்டன்ஸ் சீரிஸில் வந்ததில் ஏறக்குறைய கால் பங்குதான் காட்டும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு இணைப்புகளை ஒரே நேரத்தில் மாற்றும் ஒரு சிறிய டிபிடிடி ஸ்விட்ச் போதும்.

பாட் சீரிஸுக்கு 500 கிலோஓம், பேரலலுக்கு 250, டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பெரிய பாட்டின் கழுத்து 9.5 மி.மீ. இருக்கும். பழைய ஓட்டை சிறியதாக இருந்தால் டிரில்லை எடுக்காதீர்கள், பிளாஸ்டிக் விரிசல் விடும். கையால் சுற்றும் ரீமரே சரி. பாட்டின் தண்டில் மாட்டும் நாபையும் (குமிழையும்) பார்த்து வாங்குங்கள்: 6 மி.மீ. தண்டும் கால் அங்குலத் தண்டும் (6.35 மி.மீ.) ஒன்றல்ல. பாட்டின் முதுகை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு 40 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட சோல்டரிங் அயர்னால் சட்டென்று பற்றவைக்க வேண்டும். சின்ன அயர்னை வைத்து நிமிடக்கணக்கில் சூடேற்றினால் பாட் உள்ளுக்குள் வீணாகும்.

பிக்கார்டை மூடுவதற்கு முன் ஆம்ப்பில் வயரைச் சொருகி, ஸ்க்ரூடிரைவர் நுனியால் இரண்டு பிளேடையும் மெதுவாகத் தட்டுங்கள். இரண்டிலும் 'டக்' ஒரே பலத்தில் வர வேண்டும். ஒன்று ஊமையாக இருந்தால் மூடாதீர்கள். உயரத்துக்கு, கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு தந்திக்கும் பிளேடுக்கும் இடையே சுமார் 3 மி.மீ. விட்டு ஆரம்பித்து, காதால் கேட்டுச் சரிசெய்யலாம்.

பிரிட்ஜின் குறை வேறு மாதிரி. தந்தி உட்காரும், முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய துண்டுதான் சாடில். இரண்டே சாடில் உள்ள மாடலில் ஒவ்வொரு சாடிலும் இரண்டு தந்தியைத் தாங்குகிறது. ஈ தந்தியைச் சரிசெய்தால் ஏ தந்தி பிசகும். ஏ-யைப் பிடித்தால் ஈ மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி விலகும். நான்கு சாடில் பிரிட்ஜ் இதை முழுதாகத் தீர்க்கிறது. ஆனால் ஸ்க்ரூ ஓட்டைகள் பெரும்பாலும் பொருந்தாது. ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரம், தந்தி இடைவெளி, அடித்தட்டின் கனம் மூன்றையும் அளந்த பிறகே வாங்க வேண்டும்.

பழைய ஓட்டைகளில் மரக்குச்சியும் மரப்பசையும் அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாகச் சீவுங்கள். பிரிட்ஜை டேப்பால் ஒட்டி, ஈ, ஜி தந்திகளை மட்டும் தளர்வாகக் கட்டி, நெக்கின் இரு ஓரத்திலும் சம இடம் வருகிறதா என்று பார்த்த பிறகு குறியிடுங்கள். ஜி சாடிலை நடுவில் வைத்தால் நட்டிலிருந்து (ஹெட் பக்கம் தந்தி உட்காரும் பள்ளமுள்ள பட்டை) 762 மி.மீ.க்குச் சற்றுப் பின்னால் வர வேண்டும். ஈ சாடிலுக்கு அதைவிடச் சில மி.மீ. பின்னே போக இடம் இருக்க வேண்டும். 3 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 2.4 மி.மீ. டிரில், நுனியில் கொஞ்சம் மெழுகு. மென்மையான மரம், வேகமாக முறுக்கினால் புரி போய்விடும். பழைய பிரிட்ஜின் அடியிலிருந்த கிரவுண்ட் வயர் புதியதில் படுகிறதா என்று தந்திக்கும் ஜாக்கின் வெளிவளையத்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டாவிட்டால் வயர் படவில்லை.

இத்தனை செய்தும் ஈ தொளதொளவென்று இருந்தால் பழியைப் பிக்கப் மேல் போடாதீர்கள். 34 அங்குல பேஸில் உள்ள அதே தந்தியை அதே சுருதியில் 30 அங்குலத்தில் கட்டினால் இழுவிசை சுமார் 22 சதவீதம் குறையும். ஷார்ட் ஸ்கேல் தந்தியில் ஒரு படி கனமான ஈ எடுங்கள். நீளமான தந்தியை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வெட்டுமிடத்துக்குச் சற்று முன்னால் செங்குத்தாக மடித்துக்கொண்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் மேல்சுற்று அவிழ்ந்து தந்தியே செத்துப்போகும்.

டியூனரை மாற்ற நியாயமான காரணம் எடைதான். தோளில் மாட்டியதும் ஹெட் கீழே சாய்ந்தால், எடை குறைந்த டியூனர்கள் நிச்சயம் உதவும். ஹெட்டில் உள்ள ஓட்டையின் விட்டத்தை வெர்னியரால் அளந்து, அதற்கேற்ற புஷ்ஷிங்குடன் (ஓட்டையில் பொருந்தும் வளையத்துடன்) வாங்குங்கள். ஆனால் முதலில் கரடுமுரடான, அகலமான ஸ்ட்ராப் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது செலவு குறைவு.