மூச்சை எண்ணுவதா, முரல்வதா, தேவாரம் பாடுவதா?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர் (நீரிழிவு) என்ற பேச்சு எழாத வீடு குறைவு. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 10 பேரில் 3 பேருக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது. கிளினிக்கில் மாத்திரையோடு "டென்ஷனைக் குறைச்சுக்குங்க" என்றும் சொல்லி அனுப்புகிறார்கள். எப்படிக் குறைப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். யோகா வகுப்புக்குப் போகும் அக்கா கபாலபாதி என்பார். கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்த தம்பி மூச்சை எண்ணச் சொல்வான். பாட்டியோ, "வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்து தேவாரம் பாடு, மனசு தானா அடங்கும்" என்பார். இவை நரம்பு மண்டலத்தில் செய்யும் வேலை ஒன்றல்ல.

மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றே வேகமெடுக்கும், விடும்போது தணியும். மூளைத்தண்டிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், குடல் வரை ஓடும் வேகஸ் நரம்பே இதற்கு முக்கியக் காரணம். குலை ஏற்றிய செம்பனை லாரிக்குப் பிரேக் எப்படியோ, இதயத்துக்கு அந்த நரம்பு அப்படி. மூச்சை இழுக்கையில் பிடி தளரும், விடுகையில் இறுகும். அதனால் எந்தப் பயிற்சியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, அதில் வெளிமூச்சு எவ்வளவு நீளம் என்பதுதான். திருமூலர் பூரகத்துக்கு, அதாவது மூச்சை இழுப்பதற்கு, 16 மாத்திரை (கால அளவு), ரேசகத்துக்கு, அதாவது விடுவதற்கு, 32 என்று இருமடங்கு வைத்தார். (நடுவில் 64 மாத்திரை மூச்சை அடக்கும் கும்பகமும் உண்டு. குரு இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.)

இந்த அளவுகோலில் கபாலபாதி முதலிலேயே விலகிவிடுகிறது. வயிற்றை வெட்டி இழுத்து மூச்சை வேகவேகமாகத் தள்ளுவது உடலை உசுப்பும் பயிற்சி, அடக்கும் பயிற்சி அல்ல. அளவு மீறினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல்நுனி மதமதக்கும். விடியற்காலையில் தூக்கக் கலக்கம் போக்க உடல்நலமுள்ள இளைஞர் செய்யட்டும். கொதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குடலிறக்கமோ வலிப்போ உள்ளவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். "டென்ஷனுக்கு நல்லது" என்று இதையே எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

மூச்சை எண்ணுவதற்குத்தான் ஆய்வுப் பலம் அதிகம். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அதை 6 ஆகக் குறைத்தால், அதாவது 4 விநாடி இழுத்து 6 விநாடி விட்டால், இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயலுக்கு இயல்பாகவே உள்ள சுமார் 10 விநாடித் தாளத்தோடு மூச்சு ஒத்துப்போகிறது. வாரக்கணக்கில் விடாமல் செய்தால் அழுத்தம் ஓரளவு இறங்கும். மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு அல்ல. இதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவரால் சும்மா உட்கார்ந்து எண்ண முடிவதில்லை, பாதியிலேயே கவலைகள் வந்து எண்ணிக்கையைக் கலைத்துவிடும்.

அப்படிப்பட்டவருக்குப் பெருமூச்சு எளிது. மூக்கால் இழுத்து, அதன்மேல் இன்னொரு சின்ன இழுப்பு, பிறகு வாயால் நீளமாக விடுவது. 2023இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில் தினம் 5 நிமிடம், ஒரு மாதம் இதைச் செய்தவர்களுக்கு, தியானம் செய்தவர்களைவிட மனநிலை கூடுதலாக மேம்பட்டது.

முரல்வது, அதாவது பிரமரி, எனக்குப் பிடித்தது. வாயை மூடி "ம்ம்ம்" என்று இழுக்கும்போது வெளிமூச்சு தானாகவே நீள்கிறது, எண்ண வேண்டியதில்லை. முரலும்போது மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு, அமைதியாக மூச்சு விடும்போது வருவதைப்போல் சுமார் 15 மடங்கு என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2002இல் அளந்து காட்டினார்கள். மூக்கைச் சுற்றியுள்ள எலும்பறைகளில் காற்று நன்றாகப் புழங்குகிறது என்பதற்கு அது அடையாளம். அதிர்வு வேகஸ் நரம்பை நேராகத் தட்டி எழுப்புகிறது என்று காணொளிகளில் சொல்வதை மட்டும் நான் ஏற்பதில்லை. குரல்வளைக்கு அந்த நரம்பின் கிளை போவது உண்மைதான். ஆனால் வேலையைச் செய்வது பெரும்பாலும் நீண்ட வெளிமூச்சே.

இனி பாட்டி சொன்ன வழி. 2001இல் பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரின் குழு, 23 பேரை இலத்தீன் செபமாலையும் திபெத்திய மந்திரமும் சொல்லவைத்து அளந்தது. இரண்டிலுமே மூச்சு தானாக நிமிடத்துக்கு 6 அளவுக்கு வந்தது, அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயலும் வலுப்பட்டது. யாரும் எண்ணச் சொல்லவில்லை, வரியின் நீளமே மூச்சை அளந்து கொடுத்தது. தேவாரத்திலும் நீண்ட அடியை ஒரே மூச்சில் பாடி முடித்துத்தான் அடுத்த மூச்சை இழுக்கிறோம். கூடிப் பாடுவதற்கு இன்னொரு பலனும் உண்டு. 2013இல் சுவீடனின் கோதன்பர்க்கில் சேர்ந்து பாடிய இளையோரின் இதயத்துடிப்பு, பாட்டின் அமைப்பை ஒட்டி ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது.

தேவாரம் பாடினால் இரத்த அழுத்தம் இறங்கும் என்று நேரடியாக அளந்து காட்டியிருக்கிறார்கள் என நான் சொல்ல வரவில்லை. சான்றை மட்டும் வைத்துப் பார்த்தால் மூச்சை எண்ணுவதே முன்னால் நிற்கிறது. ஆனால் வாரந்தோறும் விடாமல் எதைச் செய்வார்கள் என்று பார்த்தால், நம் ஊரில் என் வாக்கு தேவாரத்துக்குத்தான். பாட்டிக்கு அது பயிற்சியே அல்ல, பக்தி. அதனாலேயே அவர் விடமாட்டார். கோயிலுக்குப் போகாதவர்கள் படுக்கையில் சாய்ந்தபடி முரலலாம்.

தேவார வகுப்பு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும்போது வேகம் கூடிப்போகிறது. அடியின் நடுவே மூச்சை விழுங்கிவிட்டுப் பாடுகிறார்கள். கொஞ்சம் நிறுத்தி, ஓர் அடிக்கு ஒரு மூச்சு என்று பாடவையுங்கள்.