கல்லறைக்கும் மண்மேட்டுக்கும் ஒரே பதிவேடு: மலையகத்தின் பழைய மயானங்களை யார், எப்படிப் பராமரிப்பது?

மலையகத்தில் 19ஆம் நூற்றாண்டு மயானங்கள் இரண்டு வகை. ஒன்று, கோப்பிக் காலத்திலும் தேயிலையின் முதல் வருடங்களிலும் இறந்துபோன வெள்ளைக்காரத் துரைமாரும் அவர்கள் பெண்டு பிள்ளைகளும் அடங்கிய கல்லறைத் தோட்டம். வேலி இருக்கும், கல் இருக்கும், கல்லில் பெயர் இருக்கும். மற்றது, அந்தத் துரைமாருக்காகக் காடு வெட்டிக் கோப்பி நட்ட நம்முடைய ஆட்களைப் புதைத்த இடம். அங்கே ஒரு மண்மேடு, தலைமாட்டில் ஒரு செடி, சில சமயம் ஆற்றிலிருந்து தூக்கி வந்த ஒரு கல். இரண்டு தலைமுறை போனால் மேடும் தரையோடு தரையாகிவிடும்.

பழைய மயானத்தைச் சீர்செய்ய வேண்டும் என்று ஒரு ஊரோ தோட்டமோ கிளம்பினால், எந்த வழியில் போவது? இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு வகைக்கும் ஒரே பதிவேடு, ஒரே கவனம் வேண்டும். எந்த வழி அதற்கு இடம் தருகிறதோ அதுதான் எனக்கு நல்ல வழி.

யார் கையில் இருப்பது நல்லது?

கண்டியில் தலதா மாளிகைக்குப் பின்னால், தேசிய அருங்காட்சியகத்துக்கு அருகில் மேட்டில் இருக்கிறது பழைய பிரித்தானியக் காவற்படை மயானம். 1815 கண்டி ஒப்பந்தத்தோடு பெயர் சேர்ந்திருக்கும் பிரித்தானிய அதிகாரி சேர் ஜான் டொய்லி 1824இல் இறந்து அங்கேதான் அடக்கம். நகர எல்லைக்குள் புதைக்கக் கூடாது என்ற உத்தரவு வந்ததும் 1870களில் அதை மூடிவிட்டார்கள். ஏற்கெனவே அங்கே அடங்கியவர்களின் உறவினருக்கு மட்டும் விசேஷ அனுமதி கிடைத்தது. கடைசி அடக்கம் 1951இல். பிறகு காடு பிடித்துக் கிடந்த இடத்தை 1990களில் திருத்தி எடுத்தார்கள். இன்று புல் ஒழுங்காக வெட்டியிருக்கிறது, கற்கள் நிமிர்ந்து நிற்கின்றன. யானை தாக்கி இறந்தவர், வெயில் தாக்கி இறந்தவர், காய்ச்சலில் போன கைக்குழந்தை என்று ஒவ்வொரு கல்லின் கதையையும் சொல்லக் கூடிய காப்பாளர்தான் அந்த இடத்தின் உயிர். கதை கேட்டவர்கள் நன்கொடை போடுகிறார்கள்.

இந்த முறையின் பலமும் பலவீனமும் ஒன்றுதான்: பார்வையாளர். தலதா மாளிகைக்கு வரும் கூட்டத்தில் ஒரு சிறு பங்கு இந்த மேட்டுக்கும் ஏறுகிறது. இதே ஏற்பாட்டை மஸ்கெலியாவில் ஒரு தோட்டத்து மூலையில் வைத்தால் யார் வருவார்? ஆனால் ஒரு பாடத்தை எல்லா இடத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். அந்த மயானத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது ஒரு தடவை நடந்த திருத்தவேலை மட்டுமல்ல, தினமும் அங்கே ஒரு ஆள் இருப்பதும்தான்.

அதே கண்டியில் மஹியாவ மயானம் வேறு மாதிரி. லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர் 1892இல் இறந்து அங்கே அடக்கமானார். இது இன்றும் புதைக்கும் மயானம். மாநகர சபை, கட்டணம், பற்றுச்சீட்டு, மயானங்களுக்கான 1899ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் என்று பொது மயானத்துக்கு ஒரு முதுகெலும்பு இருக்கிறது. சபை மாறினாலும் அலுவலகம் இருக்கும், பதிவு தொடரும். குறை என்னவென்றால், பொது மயானத்தின் அன்றாட வேலை எல்லாமே இன்றைய சாவைச் சுற்றித்தான். நாளைக்குக் குழி வேண்டும் என்று ஒரு குடும்பம் வந்து நிற்கும்போது, நூறு வருடப் பழைய கல் சாய்ந்திருப்பதை யார் கவனிப்பார்?

தேவாலய முற்றங்கள் மூன்றாவது வழி. நுவரெலியா ஹோலி டிரினிட்டி, டிக்கோயா வார்லி, புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் அடங்கிய பொகவந்தலாவை செயின்ட் மேரிஸ் எல்லாம் இந்த வகை. ஞாயிறுதோறும் ஆட்கள் வருகிறார்கள், அதுவே பாதிக் காவல். தேவாலயத்துக்கு வரும் கூட்டம் சிறியதாக இருந்தால் கை போதாது, அவ்வளவுதான்.

கடைசியாகத் தோட்டம். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டக் காணி அரசுக்குப் போனது. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குக் கைமாறியது. காணி ஒருவருடையது, நிர்வாகம் இன்னொருவருடையது, புதைந்திருப்பவர்கள் நம்முடையவர்கள். துரை மாறிக்கொண்டே இருப்பார். ஒரு மலையை மறுநடுகைக்கு எடுக்கும்போது, வரைபடத்தில் மயானம் என்று குறிக்கப்படாத ஓரம் கன்று நடும் கணக்கில் சேர்ந்துவிடலாம். பிரதேச சபையிடம் போனால் முன்பு, தோட்டக் காணிக்குள் எங்களால் செலவழிக்க முடியாது என்ற பதில்தான் வரும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தை 2018இல் திருத்திய பிறகு அந்தத் தடை தளர்ந்திருக்கிறது. பாதைக்கும் சுவருக்கும் சபையிடம் எழுத்தில் கேட்க இப்போது வழி உண்டு, கேட்க வேண்டும்.

இந்த நான்கில் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். நம்மிடம் ஏற்கெனவே ஒரு அமைப்பு இருக்கிறது: மரண உதவிச் சங்கம். மாதச் சந்தா வாங்குகிறது, சாவு வீட்டுக்குச் சாமான் கொடுக்கிறது, குழி வெட்ட ஆள் அனுப்புகிறது. யார் எங்கே புதைந்திருக்கிறார் என்று அதன் பழைய ஆட்களுக்குத்தான் தெரியும். சந்தாவில் ஒரு சிறு பங்கை மயானத்துக்கென்று பிரித்து, தோட்டத்திலேயே ஒருவருக்கு மாதத்தில் சில நாள் கூலி கொடுத்தால், கண்டி காப்பாளரின் வேலையில் முக்கால்வாசி நடந்துவிடும். சுவர், பாதை போன்ற பெரிய வேலைக்குப் பிரதேச சபை. துரைமார் கல்லறைகள் பக்கத்திலேயே இருந்தால், தென்னாசிய மயானங்களுக்காக 1976இல் பிரித்தானியாவில் தொடங்கிய பாக்சா சங்கத்திடம் உதவி கேட்டு எழுதலாம்.

நிரந்தர இடமா, தவணை இடமா?

ஒரு தடவை பணம் கட்டினால் அந்த நிலத்துண்டு குடும்பத்துக்கு என்றென்றைக்கும் சொந்தம் என்ற ஏற்பாடு 19ஆம் நூற்றாண்டில் பெரிதாகப் பரவியது. பாரிஸின் பெர் லஷேஸ் 1804இல் திறந்தது, அமெரிக்காவின் மவுண்ட் ஆபர்ன் 1831இல். அங்கெல்லாம் குடும்பங்கள் அக்கம்பக்கத்திலேயே இருந்தன. இங்கே துரைமார் குடும்பங்கள் கப்பலேறிப் போய்விட்டன. நிலம் இருக்கிறது, பார்க்க ஆளில்லை. அமெரிக்க மயானங்கள் பிறகு, இடத்தின் விலையில் ஒரு பங்கை வைப்பில் போட்டு வட்டியில் புல் வெட்டும் முறைக்குப் போயின. நல்ல யோசனைதான், ஆனால் நம் நாட்டில் அதை மட்டும் நம்ப முடியாது. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டி ஒரு வருடத்தில் 70 சதவீதத்தை நெருங்கி ஏறியது. அந்த வருடம் நிலையான வைப்பு வட்டியால் எத்தனை நாள் கூலி கொடுத்திருக்க முடியும்? மாதாமாதம் வரும் சந்தா விலையோடு சேர்ந்து ஏறலாம். ஒரு தடவை போட்ட முதல் அப்படி ஏறாது.

தவணை முறையில் குறிப்பிட்ட வருடங்களுக்குத்தான் இடம். பெர் லஷேஸிலேயே இன்று 10, 30, 50 வருடத் தவணைகள் உண்டு. லண்டனில் கடைசி அடக்கம் நடந்து 75 வருடம் கழிந்த குழிகளைத் திரும்ப எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. இடம் குறைந்த மலைச்சரிவில் புதிய பகுதிக்குத் தவணைதான் சரி. ஆனால் புதுப்பிக்கப் பணம் கேட்டால் முதலில் மறைவது ஏழை வீட்டு மேடு. ஆகவே பணம் வேண்டாம். குடும்பத்தில் ஒருவர் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் தவணை நீளட்டும்.

இப்போது பல இடங்களில் நடப்பது மூன்றாவது முறை, பெயரில்லாத மறுபயன்பாடு. குழி வெட்டும்போது பழைய எலும்பு தட்டுப்படும், ஓரமாக வைத்து அதே குழியில் மூடிவிடுவார்கள். மூடுகிற விதத்தில் குறை சொல்லமாட்டேன், மரியாதையாகத்தான் செய்கிறார்கள். யாருடைய எலும்பு என்று தெரியாமலே செய்ய வேண்டியிருக்கிறதே, அதுதான் வேதனை.

19ஆம் நூற்றாண்டுப் பகுதி எதுவானாலும் அங்கே புதுக் குழி வேண்டாம், கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நிலமும் கல்லும்

இதில் நம்மவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மலைச்சரிவில் கான் (வடிகால்) வெட்டித் தண்ணீரை வழிப்படுத்தத் தெரிந்தவர்கள் நாம். கல்லறை சாய்வதற்குப் பெரும்பாலும் அடிமண் அரித்துப் போவதே காரணம். கல்லை நிமிர்த்துவதற்கு முன் மயானத்தின் மேல்பக்கத்தில் கான் வெட்டி, மே மாதத் தென்மேற்கு மழைக்கு முன் ஒரு தடவை, வருடக் கடைசி மழைக்கு முன் இன்னொரு தடவை வண்டலை அள்ளிவிட வேண்டும். சரிவில் நிலவெடிப்பு தெரிந்தால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மண்சரிவைக் கவனிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் சொல்லுங்கள்.

புல்லுக்கு மெஷினா, கத்தியா? பாதைகளுக்கு மெஷின் போதும். கல்லைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குக் கத்திதான், ஏனென்றால் மெஷினின் நைலோன் நூல் பழைய கல்லின் விளிம்பையும் சாந்தையும் கொத்திவிடும். களைகொல்லி அடித்தால் மண் வெறுமையாகும். சரிவில் வெறும் மண் முதல் மழைக்கே போய்விடும். ஆடு கட்டினால் கல்லறை மேல் ஏறும்.

சுண்ணாம்பா, சீமெந்தா என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அந்தக் காலத்துச் செங்கல் கல்லறைகள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே விட்டு வெளியேயும் விடும். சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். சீமெந்து செங்கல்லைவிடக் கடினம், ஆகையால் வெடிக்கும்போது செங்கல்தான் வெடிக்கும். இரண்டு மழைக்காலம் பளபளவென்று இருக்கும், பிறகு பூச்சு பாளமாகக் கழன்று பழைய செங்கல்லையும் இழுத்துக்கொண்டு வரும். நல்ல கொத்தனாராகப் பார்த்து, சுண்ணாம்புதான் வேண்டும் என்று சொல்லி வேலை வாங்குங்கள். கல்லைக் கழுவத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் மட்டும். அசிட், பிளீச், கம்பி பிரஷ் மூன்றும் எழுத்தைத் தின்றுவிடும். எழுத்து தெரியவில்லையா? இருட்டும் நேரத்தில் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

பதிவேடு

ஜே. பென்றி லூயிஸ் 1913இலேயே இலங்கையின் கல்லறை வாசகங்களைத் தொகுத்து அச்சிட்டுவிட்டார். ஆகவே துரைமாரின் கல் தேய்ந்தாலும் வாசகத்தைத் தேடிப் பிடிக்க வழியிருக்கிறது. நம்முடைய மண்மேட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதற்குப் பதிவேடு என்றால் உயிரோடிருக்கும் மூத்தவர்களின் ஞாபகம்தான். "எங்க அப்பாயிய அந்தப் பாறைக்குக் கீழ வச்சோம்" என்று காட்டக் கூடியவர் இருக்கும்போதே அவரோடு நடந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

கைபேசி வரைபடமா, கொப்பியும் அளவு நாடாவுமா என்று கேட்டால் நாடாதான். கைபேசி இடங்காட்டி சில மீற்றர் தள்ளிக் காட்டும். குழிகளோ ஒன்றுக்கொன்று ஒரு மீற்றர் தூரத்தில் இருக்கும். அசையாத இரண்டு அடையாளங்களை, ஒரு பெரிய பாறை, கோயில் மூலை என்று எடுத்து, இரண்டிலிருந்தும் தூரம் அளந்து எழுதினால் எந்தப் பேரனும் திரும்பக் கண்டுபிடிப்பான். வரிசைக்கு எழுத்து, குழிக்கு எண். கொப்பியின் ஒரு பிரதி சங்கத்திடம், ஒன்று பிரதேச சபையில், ஒன்று தோட்டக் காரியாலயத்தில் மறுநடுகை வரைபடத்தோடு. பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்தும் வைக்கலாம்.

கையில் ஒரு வருடத்துக்குரிய பணம்தான் இருக்கிறது என்றால், முதலில் மூத்தவர்களோடு நடந்து அளந்துவிடுங்கள், அடுத்து கான், அடுத்து காப்பாளர் கூலி. வேலியும் வாசல் வளைவும் பிறகு வரட்டும். வளைவு கட்டித் தரத்தான் நன்கொடையாளர்கள் சீக்கிரம் முன்வருவார்கள், பெயர் போட இடம் இருக்கும் என்பதால். அவர்களிடம் கானுக்கும் கூலிக்கும் கேளுங்கள். அவர்களின் பெயரைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதலாம்.