பழைய ஆம்னி வேன்: இன்ஜினைப் பார்க்கும் முன் அதன் தரைத்தகட்டைப் பாருங்கள்

1984-ல் மாருதி வேன் என்று வந்து, பிறகு ஆம்னி ஆகி, 2019-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. ஆனாலும் நெல்லைப் பக்கம் களக்காட்டு வாழைத்தாரையும் மேலப்பாளையம் பீடி இலை மூட்டையையும் கோயில் கொடைக்குப் போகும் மைக் செட்டையும் இன்னும் அதுதான் சுமந்துகொண்டிருக்கிறது. டவுன், பாளை, சுற்றுப்பட்டு ஊர்கள் என்ற அளவில் வேலை இருந்தால் இன்றைக்கும் வாங்கலாம். கையில் இருப்பதையும் விற்க வேண்டியதில்லை. தினமும் நான்குவழிச் சாலையில் நாகர்கோவில் போய்வரும் பிழைப்பு என்றால் வேண்டாம். ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னால் தகடு மட்டும்தான் இருக்கிறது. ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. ஆனி, ஆடிக் காற்றில் காவல்கிணறு தாண்டி முப்பந்தல் பக்கம் போகும்போது, உயரமான பக்கத் தகடும் குறைந்த எடையும் சேர்ந்து வண்டியை அடுத்த லேனுக்கே தள்ளிவிடும். காலி வண்டி இன்னும் மோசம். அங்கே 50-க்கு மேல் போகக் கூடாது.

796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின் மாருதி 800-ன் குடும்பம். அதனால் பாகம் கிடைக்காது என்ற பயம் வேண்டாம். வேலை தெரிந்த மெக்கானிக்கும் எல்லா ஊரிலும் உண்டு. இந்த வண்டிக்கு முடிவு கட்டுவது பெரும்பாலும் துருதான். “அண்ணாச்சி, இன்ஜின் சத்தத்தைக் கேளுங்க” என்று புரோக்கர் சொல்லும்போது, கேட்டுவிட்டுக் குனிந்து காலடி விரிப்பைத் தூக்குங்கள். ஓட்டுபவரின் கால் வைக்கும் இடம், ஸ்லைடிங் கதவின் கீழ் ரெயில், பின் சக்கர வளைவு, முன் கண்ணாடி ரப்பருக்குக் கீழே என்று எல்லாவற்றையும் ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் தட்ட வேண்டும். மந்தமான சத்தம் வந்தால் உள்ளே துருவை மறைக்கப் பட்டி (பெயிண்டுக்கு அடியில் பூசும் பசை) பூசியிருக்கிறது. சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்தால் பட்டி மீது ஒட்டாது. தரைத்தகடு ஓட்டை என்றால் வெட்டி வெல்டு வைத்துக்கொள்ளலாம், அது டிங்கரிங் வேலை. பின் லீஃப் ஸ்பிரிங் பட்டை மாட்டும் பிராக்கெட் இருக்கும் இடமே அரித்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர் வண்டிகளுக்கு வாரம் ஒருமுறை அடிப்பக்கம் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கதவின் அடியில் உள்ள தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும். அண்டர்கோட்டிங் அடிப்பதானால் ஐப்பசி மழைக்கு முன், துருவைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு அடிக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் துரு உள்ளேயே வளரும். கழித்துப்போட்ட ஆயிலில் டீசல் கலந்து அடிப்பது பல பட்டறைகளில் வழக்கம். மலிவுதான். ஆனால் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்வதோடு, ரப்பர் புஷ்களையும் ஊறவைத்துக் கெடுக்கும்.

இன்னொரு கண்ணி, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை. தாமிரபரணி வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் துடைத்துப் பெயிண்ட் அடித்து விற்பனைக்கு வரலாம். சீட் ரெயிலின் போல்ட் தலையில் துரு, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர் கனெக்டரில் பச்சைப் பூப்பு, ஸ்டெப்னி வைக்கும் இடத்தின் மூலையில் காய்ந்த வண்டல் இவை மூன்றும் பொய் சொல்லாது. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் (பின் அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) ஆயிலை லேசாக வடித்துப் பார்த்தால், தண்ணீர் கலந்தது பால் விட்ட டீ மாதிரி இருக்கும்.

இனி பராமரிப்பு. இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் சீட்டைத் தூக்காமல் எதையும் பார்க்க முடியாது. அந்த அலுப்பில்தான் பல வண்டிகள் கெடுகின்றன. மாதம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது ஆயிலை அல்ல, பெட்ரோல் ஹோஸ்களை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் உப்பி, மிருதுவாகி, பிறகு விரிசல் விடும். கார்புரேட்டர் வண்டி என்றால் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்துக்கும் (உள்ளே அசையும் மெல்லிய சவ்வு) அதே கதிதான். நகத்தால் அழுத்தினால் தடம் பதிகிற ஹோஸை உடனே மாற்றுங்கள். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி, கிளிப்பையும் புதிதாகப் போடுங்கள். கசிவு இருந்தால் அது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே என்பதை நினைவில் வையுங்கள். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள் டேங்க்கை நிரப்பி நிறுத்துவது நல்லது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், காலி டேங்க் உள்ளே துரு பிடிக்கும்.

இன்ஜின் ஆயில் 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. 20டபிள்யூ-40, 3 லிட்டர் கேன் ஒன்று போதும். ஃபில்டர் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். டாப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் உள்ள சந்து, இந்த இன்ஜினில் தானாகச் சரியாகாது. 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், 0.15 மில்லிமீட்டர் அளவில் வைக்க வேண்டும். ‘டிக் டிக்’ சத்தம் வராவிட்டால் சரியாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கேஸில் ஓடும் வண்டியில் வால்வு சீட் தேய்ந்து இடைவெளி சத்தமில்லாமல் குறையும், கடைசியில் வால்வு எரியும். அதே 20,000-ல் மூன்று பிளக்கையும் மாற்றிவிடலாம். ஏர் ஃபில்டரை ராதாபுரம், திசையன்விளைச் செம்மண் தேரிப் பக்கம் ஓடுபவர்கள் மாதாமாதம் தட்ட வேண்டும். டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. 80,000 ஓடாவிட்டாலும் ஐந்தாறு வருடத்தில் ரப்பர் தளர்ந்துவிடும். மாற்றும்போது கிராங்க் சீல், கேம் சீல் இரண்டையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். பழைய சீலில் கசியும் ஆயில் புது பெல்ட்டையும் தின்றுவிடும்.

இந்த ஊர் வெயிலில் ஆம்னியைப் படுக்கவைப்பது ஹீட். அதற்குப் பாதிக் காரணம் தண்ணீர். நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் பல போர் தண்ணீர் உப்பு. ரேடியேட்டர் குழாய்களில் வெள்ளையாகப் படிந்து வழியை அடைத்துவிடும். ரெடிமிக்ஸ் கூலன்ட், இல்லாவிட்டால் கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர் கலந்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதும் வடித்து மாற்ற வேண்டும். ஊற்றியபின் மூடியைத் திறந்தே வைத்து, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள். குமிழி நின்றதும் அளவை நிரப்பி மூடுங்கள். உள்ளே காற்று தங்கினால் மீட்டர் முள் நடுவில் நிற்கும்போதே ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பரில் விரிசல் இருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். மூடி சல்லிசு, மாற்றிவிடுங்கள். ஹீட் என்று போனால் தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு) கழற்றிப் போட்டுவிடும் மெக்கானிக்குகள் உண்டு. அதற்குப் பிறகு இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும். கார்புரேட்டர் இல்லாத எம்பிஎஃப்ஐ வண்டியில் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் விடும், மைலேஜ் விழும். புதிது வாங்கி மாட்டச் சொல்லுங்கள்.

கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஒரே ஆயிலை ஊற்றுவது இன்னொரு தவறு. கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4, பின் டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5. இவை கியர் ஆயிலின் தர வகைகள். ஜிஎல்-5-ல் உள்ள கந்தகச் சேர்மானம் கியர்பாக்ஸின் பித்தளை ரிங்குகளை அரிக்கக்கூடும். வடிக்கும் பிளக்கைத் திறப்பதற்கு முன் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது பிடித்துக்கொண்டால் வண்டி வெறும் பெட்டியோடு நிற்கும். விளிம்பில் வழியும்வரை ஊற்றினால் அளவு சரி. 40,000-க்கு ஒருமுறை போதும். வண்டி கிளம்பும்போது அடியில் ‘டங்’ என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட் (பின் அச்சுக்குப் போகும் சுழல் தண்டு) மூட்டிலுள்ள கிராஸைப் பாருங்கள்.

பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பாபநாசம் மேல் அணைப் பக்கம் பாரத்தோடு இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே விடுங்கள். பின் டிரம்மை வருடம் ஒருமுறை கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் கப் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். டயர் 145 ஆர்12. லோடு வண்டிக்கு 6 பிளைதான் (பிளை என்பது டயரின் பாரம் தாங்கும் வலுவின் கணக்கு). கார் டயரைப் போட்டால் வாழைத்தார் ஏற்றிய அன்றே பக்கவாட்டில் உப்பும்.

எல்பிஜி கேஸ் வண்டி வாங்குபவர்கள் டேங்க்கின் மேல் பொறித்திருக்கும் சோதனைத் தேதியைப் படியுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதித்திருக்க வேண்டும். வீட்டுச் சிலிண்டருக்கு மாற்றிய வண்டியின் பக்கமே போகாதீர்கள். ஆர்சியில் 15 வருடம் முடிந்திருந்தால், ஆர்டிஓ அலுவலகத்தில் எஃப்சி (தகுதிச் சோதனை) பார்த்து ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் டிங்கரிங், பிரேக், புகைச் சான்று, புதுப்பிப்புக் கட்டணம் எல்லாவற்றையும் விலையில் கழித்துத்தான் பேச வேண்டும். புதுப்பிக்கும் செலவை விற்பவர் ஏற்கமாட்டேன் என்றால், துருவை அவரே அறிந்துவைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.