திருகோணமலையிலிருந்து பார்படோஸ்: லண்டன் வழியா, ரொறன்ரோ வழியா, மயாமி வழியா?

ஸ்காபரோவில் இருக்கும் அண்ணன் குடும்பம் "டிசம்பரில் பார்படோஸில் சந்திப்போம், நீங்களும் வாங்கோ" என்று சொல்லிவிட்டால், அவர்கள் பக்கத்து வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். ரொறன்ரோவில் ஏறினால் ஏறக்குறைய ஐந்து மணிநேரத்தில் பார்படோஸின் தலைநகர் பிரிட்ஜ்டவுன். உவர்மலையிலிருந்தோ சாம்பல்தீவிலிருந்தோ கிளம்புகிறவருக்கு அப்படியில்லை. இலங்கையிலிருந்து கரீபியனுக்கு நேரடி விமானம் கிடையாது. ஓரிடத்திலாவது, பல நேரம் இரண்டு இடங்களில், விமானம் மாற வேண்டும். எங்கே மாறுகிறோம் என்பதுதான் இந்தப் பயணத்தின் முதல் கேள்வி. விலை இரண்டாவது.

காரணம் நமது கடவுச்சீட்டு. பார்படோஸ், டொமினிக்கா, பஹாமாஸ் மூன்றும் சுற்றுலாவுக்கு வரும் இலங்கையரிடம் முன்கூட்டியே வீசா கேட்பதில்லை. டிரினிடாட் கேட்கும். சரி, பார்படோஸுக்கு வீசா வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தால், வழியிலுள்ள பிரித்தானியா, கனடா, அமெரிக்கா, ஐரோப்பா எல்லாமே விமானம் மாறுவதற்குக்கூட இலங்கையரிடம் வீசா கேட்கின்றன. மலிவு டிக்கெட் தேடும் இணையத்தளங்கள் இதைப் பார்ப்பதில்லை. உங்கள் கையில் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது என்று கேட்காமலே நியூயோர்க் வழியாக ஒரு நல்ல விலையைக் காட்டும். பணம் கட்டியாகிவிடும். கட்டுநாயக்கவில் செக்-இன் மேசையில்தான் விஷயம் வெளியே வரும்.

ஆகவே இந்த அலசலில் வழிகளை அவற்றின் வீசாவோடு சேர்த்தே எடை போடுகிறேன்.

லண்டன் வழி

தூரத்தைப் பார்த்தால் இதுதான் நேர்த்தியான வழி. கொழும்பிலிருந்து ஹீத்ரோவுக்கு ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் நேரடியாகப் பறக்கிறது. சுமார் பதினொரு மணிநேரம். லண்டனிலிருந்து பார்படோஸுக்கு பிரிட்டிஷ் எயார்வேஸ், வெர்ஜின் அட்லாண்டிக் இரண்டும் போகின்றன. அது ஒன்பது மணிநேரத்துக்கு உட்பட்ட பறப்பு. ஒரே ஒரு மாற்றத்துடன் வேலை முடிகிறது. ஸ்ரீலங்கன் 2014 முதல் வன்வேர்ல்ட் என்ற விமானக் கம்பனிகளின் கூட்டணியில் இருக்கிறது, பிரிட்டிஷ் எயார்வேஸும் அதே கூட்டணி. இரண்டையும் ஒரே டிக்கெட்டில் எடுத்தால் பெட்டியைக் கட்டுநாயக்கவில் கொடுத்து பிரிட்ஜ்டவுனில் எடுக்கலாம்.

வீசா பக்கம் இரண்டு நிலை உண்டு. ஹீத்ரோவில் இறங்கி, குடிவரவைத் தாண்டாமல் ஹீத்ரோவிலிருந்தே புறப்பட்டால், விமான நிலையத்துக்குள் மாறுவதற்கான வீசா போதும். செல்லுபடியாகும் கனடா வீசாவோ அமெரிக்க வீசாவோ கையில் இருந்தால் அதுவும் தேவையில்லை. ஆனால் கரீபியன் விமானங்களில் ஒரு பகுதி லண்டனின் இன்னொரு விமான நிலையமான கற்விக்கிலிருந்து கிளம்புகிறது. ஹீத்ரோவில் இறங்கி கற்விக் போக வேண்டுமென்றால் நாட்டுக்குள் நுழைகிறீர்கள். அதற்கு வேறு வகை வீசா. டிக்கெட்டில் "லண்டன்" என்று மட்டும் பார்த்துவிட்டு வாங்கக்கூடாது. புறப்படும் விமான நிலையத்தின் பெயரையும் பார்க்க வேண்டும்.

லண்டனில் தங்கை வீட்டில் இரண்டு நாள் நிற்கலாமே என்று ஆசை வரும். அப்படியானால் முழுச் சுற்றுலா வீசா எடுக்க வேண்டும். செலவும் காத்திருப்பும் வேறு கணக்கு.

ரொறன்ரோ வழி

வரைபடத்தில் இது சுற்றுவழி. கொழும்பிலிருந்து டுபாய், அபுதாபி, டோஹா அல்லது இஸ்தான்புல் போய், அங்கிருந்து ரொறன்ரோ. டுபாயிலிருந்து மட்டும் பதினான்கு மணிநேரம் வரை உட்கார வேண்டும். பிறகு தெற்கே திரும்பி பார்படோஸ். வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் கேட்டதும் தலையை ஆட்டுவார்கள், நியாயம்தான்.

இருந்தும் எங்கள் ஊர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இதுதான் பொருத்தமான வழி என்பது என் கருத்து. உறவினர் அங்கே இருக்கிறார்கள், அழைப்புக் கடிதம் தருவார்கள், எப்படியும் ஒருநாள் ரொறன்ரோ போக நினைத்தவர்கள்தான் நாம். கனடா வருகையாளர் வீசா ஒன்று கிடைத்துவிட்டால் அது மற்றக் கதவுகளையும் திறக்கிறது. லண்டனிலும் ஐரோப்பாவிலும் விமான நிலையத்துக்குள் மாறுவதற்குத் தனி வீசா தேவைப்படாது. டொமினிக்கன் குடியரசும் (மேலே சொன்ன டொமினிக்கா வேறு நாடு) செல்லுபடியாகும் கனடா வீசா உள்ளவர்களைச் சுற்றுலாவுக்குத் தனி வீசா இல்லாமல் விடுகிறது. ரொறன்ரோக்காரர் குளிர்காலத்தில் கூட்டமாகப் போகும் புன்டா கானா அங்கேதான் இருக்கிறது. விமானம், விடுதி, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே விலையில் விற்கும் பொதிகள் அங்கிருந்து மலிவு. அண்ணன் குடும்பம் பார்படோஸை விட்டு அந்தப் பக்கம் சாய்ந்தாலும் நீங்கள் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

ஒரு இடத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. ரொறன்ரோவிலிருந்து பார்படோஸ் போய்த் திரும்பி ரொறன்ரோவுக்கு வரும்போது நீங்கள் மீண்டும் கனடாவுக்குள் நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு வீசா என்றால் அது முதல் நாளே தீர்ந்துவிட்டது. பலமுறை நுழைவு வீசா பத்து ஆண்டு வரை கொடுக்கப்படலாம். ஆனால் 2024 நவம்பரிலிருந்து அது வழமையாகக் கிடைப்பதில்லை, அதிகாரியின் முடிவைப் பொறுத்தது. விண்ணப்பத்திலேயே பார்படோஸ் பயணத்தையும் திரும்பி வரும் நாளையும் எழுதி, ஏன் இரண்டு தடவை நுழைய வேண்டும் என்று விளக்குங்கள். வீசாவைப் பார்த்த பிறகே அடுத்த டிக்கெட்டைத் தொடுங்கள்.

உறவினர் வீட்டுக்குப் போகாமல் விமான நிலையத்தில் மாற மட்டும்தான் என்றால் கனடாவின் இடைமாறல் வீசாவுக்குக் கட்டணமே இல்லை. 48 மணிநேரத்துக்குள் புறப்பட வேண்டும். ஆனால் அண்ணன் வீட்டு வாசலைத் தொடாமல் ரொறன்ரோவைக் கடந்து போகிற துணிவு யாருக்கு இருக்கிறது?

மயாமி, நியூயோர்க்

கரீபியனுக்கு விமானங்கள் நிறைந்த இடம் மயாமி. டோஹாவிலிருந்து கட்டார் எயார்வேஸ் நேரே மயாமிக்குப் போகிறது, அங்கிருந்து பஹாமாஸின் தலைநகர் நசாவ் ஒரு மணிநேரம், பார்படோஸ் மூன்றரை மணிநேரம் சொச்சம். டொமினிக்காவுக்குக்கூட 2021 டிசம்பரில் மயாமியிலிருந்து நேரடி சேவை தொடங்கியது. தெரிவு என்று பார்த்தால் இதை அடிக்க வேறு வழியில்லை.

ஆனால் அமெரிக்காவில் "விமான நிலையத்துக்குள் மாறுவது" என்ற ஏற்பாடே கிடையாது. மூன்று மணிநேரம் நிற்பதானாலும் குடிவரவைத் தாண்டி, பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, மீண்டும் கொடுக்க வேண்டும். அதற்கு வீசா, வீசாவுக்குக் கொழும்பில் நேர்முகம். ஏற்கெனவே அமெரிக்க வீசா இருப்பவர் இந்த வழியில் போகட்டும். இல்லாதவர் ஒரு கடற்கரை லீவுக்காக அந்த வரிசையில் நிற்க வேண்டாம்.

ஐரோப்பா

அம்ஸ்டர்டாம், பாரிஸ், பிராங்பேர்ட் மூன்றிலிருந்தும் கரீபியன் விமானங்கள் உண்டு. இலங்கையர் அங்கே விமான நிலையத்துக்குள் மாறவும் வீசா எடுக்க வேண்டும். பாரிஸில் ஷார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கி ஓர்லி விமான நிலையத்திலிருந்து புறப்படும் டிக்கெட் என்றால் அந்த வீசாவும் காணாது. நாட்டுக்குள் நுழையவிடும் ஷெங்கன் வீசாவே (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) வேண்டும். கரீபியன் தீவுகளான மார்ட்டினிக், குவாதலூப் பிரான்சின் பகுதிகள்தானே, ஷெங்கன் வீசாவோடு போகலாமே என்று நினைப்பவர்கள் உண்டு. முடியாது. அவை ஷெங்கனுக்கு வெளியே. அவற்றுக்குச் செல்லுபடியாகும் என்று தனியாகக் குறிப்பிட்ட வீசா வேண்டும்.

பனாமா: பொறுமைசாலிகளுக்கு

இஸ்தான்புல்லிலிருந்து டர்க்கிஷ் எயார்லைன்ஸ் கொலம்பியாவின் பொகோட்டா வழியாகப் பனாமா போகிறது. பனாமாவைத் தளமாகக் கொண்ட கோப்பா எயார்லைன்ஸ் நசாவ் உட்படப் பல தீவுகளுக்குப் பறக்கிறது. இரண்டு கம்பனியும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணி. இஸ்தான்புல்லிலும் பனாமாவிலும் உள்ளேயே மாறுகிறவரிடம் பொதுவாக வீசா கேட்பதில்லை என்பதால், தாளில் பார்த்தால் எந்த வீசாவும் இல்லாமல் பஹாமாஸ் போய்விடலாம். (புவியியல் வாத்தியார்கள் பஹாமாஸ் இருப்பது அத்திலாந்திக்கில் என்பார்கள். கடல் நீலமாக இருந்தால் போதும்.)

தாளில் மட்டும்தான் இது அழகு. ஒன்றரை நாள் தாராளமாகப் போய்விடும். மாற்றங்கள் கூடக்கூடத் தவறவிடும் வாய்ப்பும் கூடும். இடைமாறல் விதியும் நிலையானதல்ல: 2022 மார்ச்சில் பனாமா கியூபர்களுக்குத் திடீரென்று இடைமாறல் வீசாவைக் கட்டாயமாக்கியது. அத்தோடு பனாமாவும் கொலம்பியாவும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடுகள். இடைநிறுத்தம் 12 மணிநேரத்தைத் தாண்டினால் தடுப்பூசி அட்டை கேட்கப்படலாம். ஊசி போட்டுப் பத்து நாளுக்குப் பிறகுதான் அட்டை செல்லும்.

ஒரே டிக்கெட்டா, துண்டு துண்டாகவா?

எந்த வழியானாலும் இந்தக் கேள்வி வரும். கொழும்பு–லண்டன் ஒரு தளத்தில், லண்டன்–பார்படோஸ் இன்னொன்றில் என்று தனித்தனியாக வாங்கினால் திரையில் மலிவாகத் தெரியும். பிரித்தானியாவில் அந்த மலிவின் பெரும்பகுதி வரியிலேயே கரைந்துவிடும். ஒரே டிக்கெட்டில் 24 மணிநேரத்துக்குள் மாறுகிறவருக்கு அங்கே பயணிகள் வரி இல்லை. தனி டிக்கெட்டில் லண்டனிலிருந்து கரீபியன் புறப்படுகிறவருக்கு, சாதாரண வகுப்பிலேயே ஆளுக்குச் சுமார் 100 பவுண்ட். நான்கு பேர் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வரியைவிடப் பெரிய சிக்கல் தாமதம். ஒரே டிக்கெட்டில் முதல் விமானம் பிந்தினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது கம்பனியின் பொறுப்பு. தனி டிக்கெட்டில் இரண்டாவது கம்பனிக்கு நீங்கள் வராத பயணி மட்டுமே. திரும்பும் டிக்கெட்டும் சேர்ந்தே ரத்தாகலாம். பெட்டியை நடுவில் எடுத்துத் திரும்பக் கொடுக்கவும் வேண்டும், அதற்கு நாட்டுக்குள் நுழையும் வீசா வேண்டும். அதாவது உள்ளேயே மாறும் வீசாவை மட்டும் நம்பி இருப்பவருக்குத் தனி டிக்கெட் சரிவராது.

ரொறன்ரோ வழி மட்டும் விதிவிலக்கு. அங்கே தனித்தனியாக எடுப்பதுதான் புத்திசாலித்தனம், ஏனென்றால் அண்ணன் குடும்பத்தோடு ஒரே விமானத்தில் போக அதுதான் வழி. நடுவில் இரண்டு இரவாவது அவர்கள் வீட்டில் நில்லுங்கள். கொழும்பு விமானம் ஒரு நாள் பிந்தினாலும் பொதிச் சுற்றுலா கை நழுவாது, உடம்பும் கொஞ்சம் பழகும்.

முகவரா, இணையமா?

ஊர்க் கடைத்தெருவில் உள்ள பயண முகவர்கள் வளைகுடா டிக்கெட்டிலும் இந்தியா டிக்கெட்டிலும் கெட்டிக்காரர்கள். கரீபியன் அவர்கள் அடிக்கடி போடும் வழியல்ல. இருந்தும் அவர்களிடம் ஒரு பெரிய வசதி: வீசா விண்ணப்பத்துக்குக் காட்ட, முழுப் பணம் கட்டாமல் இருக்கையைப் பிடித்து வைத்துத் தருவார்கள். ரூபாயில் கட்டலாம், ஏதும் நடந்தால் நேரில் போய்க் கேட்கலாம். கேட்க வேண்டியவை: முழுப் பயணமும் ஒரே டிக்கெட் இலக்கமா, பெட்டி எந்த ஊரில் கைக்கு வரும், நாள் மாற்றினால் எவ்வளவு வெட்டுவார்கள். வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்குங்கள்.

விமானக் கம்பனியின் சொந்தத் தளத்தில் வாங்கினால் மாற்றங்களைக் கம்பனியோடே பேசித் தீர்க்கலாம். கடைசி இடம், பெயர் கேள்விப்படாத வெளிநாட்டு மலிவுத் தளங்களுக்கு. சிக்கல் வரும்போது கம்பனி "வாங்கிய இடத்தில் கேளுங்கள்" என்று சொல்லும். அந்த இடத்தில் தொலைபேசியை யாரும் எடுக்கமாட்டார்கள்.

எந்த மாதம்?

இந்த விஷயத்தில் காலநிலை திருமலைக்காரர் பக்கம். இங்கே நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையும். நிலாவெளி விடுதிகள் ஓய்ந்திருக்கும் காலம். கரீபியனில் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை வெயிலான நல்ல பருவம். ஆனால் உலகமே அப்போதுதான் அங்கே போகிறது, நத்தார் வாரத்து விலை கண்ணைக் கட்டும். பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்கள் ஜனவரி கடைசியைப் பாருங்கள்.

சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் ஓகஸ்ட் நடுவிலிருந்து ஒக்டோபர் நடுவரை. மலிவாகக் கிடைக்கும் பெரும்பாலான டிக்கெட் இந்தக் காலத்துக்குரியவை. 2024 ஜூன் 29இல் பார்படோஸ் கென்சிங்டன் ஓவலில் ரி20 உலகக் கிண்ணம் வென்ற இந்திய அணியே பெரில் சூறாவளியால் விமான நிலையம் மூடப்பட்டு நாட்கணக்கில் தீவில் மாட்டிக்கொண்டது. (2007 இறுதிப் போட்டியில் இருட்டில் நாம் அவுஸ்திரேலியாவிடம் தோற்ற அதே மைதானம். போகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம், மனது தாங்கினால்.) அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால் நாள் மாற்றக்கூடிய டிக்கெட் எடுங்கள்.

கட்டுநாயக்க வரை

இத்தனையும் சரியாக அமைத்துவிட்டு, வீட்டிலிருந்து விமான நிலையம் போவதில் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் தாண்டி ஆறு மணிநேரமாவது வீதியில். இரவு ரயில் கொழும்புக் கோட்டையில் கொண்டுபோய் விடும்; அங்கிருந்து விமான நிலையம் வடக்கே இன்னும் முப்பது கிலோமீற்றருக்கு மேல், நான்கு பெட்டியோடு அது தேவையில்லாத வேலை. சீனன்குடாவிலிருந்து சிறு விமானம் கிடைத்தாலும் அதில் பெட்டி எடை மட்டுப்பாடு கடுமை. குடும்பமாகப் போகிறவர்கள் வான் ஒன்றைப் பேசுங்கள். விமானம் விடியற்காலை என்றால் முதல் நாள் பகலிலேயே கிளம்பி நீர்கொழும்பில் படுத்து எழும்புங்கள். மழைக்காலத்தில் வீதியில் வெள்ளம் ஏறினால் சுற்றிப் போகவும் நேரம் இருக்கும். திரும்பி வரும் நாளுக்கும் அதே வான்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். பார்படோஸ் நேரம் நமக்கு ஒன்பதரை மணிநேரம் பின்னால் என்பதால், அங்கே திங்கட்கிழமை மாலை விமானம் ஏறுகிறவர் இங்கே இறங்குவது புதன்கிழமையாகத்தான் இருக்கும். வான்காரருக்கு எந்தக் கிழமை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.