கரண்ட் போனால் மீனுக்கு மூச்சு: பவர் பேங்கா, யுபிஎஸ்ஸா, 12 வோல்ட் பேட்டரியா?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். சென்னை மடிப்பாக்கத்தில் கரண்ட் போனபோது நான் கவலையே படவில்லை. தொட்டியின் ஏர் பம்ப்பை கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் மாட்டி வைத்திருந்தேன். நாற்பதாவது நிமிடம் அது நீளமாக ஒரு பீப் அடித்துவிட்டு அடங்கியது. நாலு கோல்ட்ஃபிஷ்ஷும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன. விடிய விடிய மக்கில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். காலையில் மிஞ்சியது இரண்டு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வழியாக வாங்கியும் கட்டியும் பார்த்தேன். முதலில் புரிந்தது, கரண்ட் இல்லாத நேரத்தில் ஃபில்டரை ஓட்டத் தேவையில்லை, தண்ணீருக்குள் காற்றுக் குமிழி போய்க்கொண்டிருந்தால் போதும் என்பதுதான். தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் 15, 20 வாட் கேட்கும். சின்ன ஏர் பம்ப்புக்கு 2, 3 வாட். அந்தக் காற்றை ஏர் ஸ்டோனில் விடாமல் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் விட்டால் அதில் தங்கி மீன் கழிவைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியாவும் பிழைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் இது இன்னும் முக்கியம். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான்.

யுபிஎஸ் ஏன் காலை வாரியது? உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, அதாவது 84 வாட்-ஹவர். 3 வாட் பம்ப்புக்கு ஒரு நாள் முழுக்க வர வேண்டும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் 12 வோல்ட்டை 230 ஆக்குவதற்கு அந்தப் பெட்டியே பத்துப் பதினைந்து வாட் தின்கிறது. புது பேட்டரியாக இருந்தாலும் சில மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. என்னுடையது மூன்று வருடப் பழசு. சில யுபிஎஸ் இவ்வளவு குறைந்த லோடைப் பார்த்தால் ஒன்றும் மாட்டவில்லை என்று நினைத்துத் தானாக அணைந்தும் போகும்.

வீட்டு இன்வெர்ட்டர் இருந்தால் கேள்வியே இல்லை, அதில் மாட்டிவிடலாம். 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு ஏர் பம்ப் கொசு மாதிரி. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் பம்ப் உறுமும், கொஞ்சம் சூடாகும். புயல் நேரத்தில் ஃபேனும் லைட்டும் போட்டு அந்த பேட்டரியை வீட்டு ஆட்களே காலி செய்துவிடுவார்கள். அப்போது மீனுக்காக ஃபேனை அணைக்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

பவர் பேங்கும் யுஎஸ்பி ஏர் பம்ப்பும் நான் எதிர்பார்த்ததை விட நல்ல ஜோடி. 10,000 எம்ஏஹெச் என்பது 37 வாட்-ஹவர். நஷ்டம் போக 30 கையில் நிற்கும். ஒன்றேகால் வாட் பம்ப் அதில் ஒரு நாள் ஓடும். இரண்டு குறைகள் உண்டு. நாம் வீட்டில் இருந்து கையால் மாட்ட வேண்டும். இன்னொன்று, சில பவர் பேங்க் சின்ன லோடைக் கண்டால் ஃபோன் சார்ஜ் ஏறிவிட்டது என்று நினைத்து அணைந்துவிடும். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

ரௌட்டருக்கு விற்கும் மினி யுபிஎஸ்ஸில் 12 வோல்ட் டிசி பம்ப்பை நேராக மாட்டலாம். கரண்ட் போனதும் தானே மாறும். ஆனால் உள்ளே இருப்பது சின்னச் சின்ன செல்கள். ஆறேழு மணி நேரம் தாண்டுவது கஷ்டம். பராமரிப்புக்காகப் பகலில் நிறுத்தும் கரண்ட்டைச் சமாளிக்கும், புயலைத் தாங்காது.

கடைசியில் என் வீட்டில் நிலைத்தது நானே கட்டியதுதான்: 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, 12 வோல்ட் டிசி ஏர் பம்ப், ஒரு கார் ஹாரன் ரிலே, அதாவது கரண்ட் வந்தால், போனால் தானாக மாறும் ஸ்விட்ச். ரிலேயின் 85, 86 பின்களில் பழைய மோடம் அடாப்டர். பேட்டரி பாசிட்டிவ் 30-க்கு, 87ஏ-யிலிருந்து பம்ப்புக்கு. பம்ப்பின் நெகட்டிவ் நேராக பேட்டரிக்கு. கரண்ட் இருக்கும் வரை ரிலேயின் காயில் அந்த ஸ்விட்ச்சை இழுத்துப் பிடித்திருக்கும். போனதும் 'டக்' என்று விட்டு பம்ப் ஓடும். 5 பின் ரிலே என்று கேட்டு வாங்குங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அவசரத்தில் 4 பின் வாங்கி வந்துவிட்டு, 87ஏ எங்கே என்று அரை மணி நேரம் தேடியிருக்கிறேன். இதில் பெரிய வசதி, தண்ணீர் பக்கத்தில் 230 வோல்ட் ஒயரிங் செய்ய வேண்டியதில்லை. இருந்தாலும் பேட்டரி பாசிட்டிவ் முனையை ஒட்டி 2 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ஷார்ட் ஆனால் இந்தச் சின்ன பேட்டரியே ஒயரை உருக்கிவிடும்.

சார்ஜரில்தான் பலர் சறுக்குகிறார்கள். 12 வோல்ட் அடாப்டர் 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியை நிரப்பாது, 13.5 முதல் 13.8 வோல்ட் தரும், எப்போதும் மாட்டியே வைக்கக்கூடிய ஃப்ளோட் சார்ஜர் வேண்டும். அரை வயிற்றோடு கிடக்கும் பேட்டரி சல்ஃபேட் பிடித்து ஆறு மாதத்தில் போய்விடும். பாதிக்கு மேல் காலி செய்யாமல் பயன்படுத்தினால் 3 வாட் பம்ப் பதினாலு மணி நேரம் ஓடும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேக் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. எடை குறைவு, ஆயுள் அதிகம், முக்கால்வாசிக்கு மேல் காலி செய்தாலும் கோபித்துக்கொள்ளாது. பிஎம்எஸ்ஸும் (செல்களைப் பாதுகாக்கும் சர்க்யூட்) அதற்கேற்ற சார்ஜரும் சேர்ந்தே வாங்க வேண்டும். ஓரிரு தொட்டிக்கு அவ்வளவு செலவு எனக்கு நியாயமாகப் படவில்லை. பழைய லேப்டாப் செல்களைப் பிரித்துக் கட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். தீப்பிடித்தால் பக்கத்தில் தொட்டி இருப்பது உதவாது.

ஒரே ஒரு பீட்டா வளர்ப்பவர் இதில் எதையும் வாங்க வேண்டாம். அது மேலே வந்து நேராகக் காற்றைக் குடிக்கும், கௌராமியும் அப்படித்தான். கோல்ட்ஃபிஷ், டிஸ்கஸ் வைத்திருப்பவர்கள் ஒரு தொட்டி என்றால் பவர் பேங்க், ஆளில்லாத வீடு அல்லது இரண்டு மூன்று தொட்டி என்றால் ரிலே. எதுவானாலும் டியூபில் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். பம்ப் நின்றால் தண்ணீர் டியூப் வழியே இறங்கி வரும். மணிக்கணக்கில் நின்ற கேனிஸ்டரை அப்படியே ஆன் செய்யாதீர்கள், உள்ளே இருக்கும் கெட்ட தண்ணீரைக் கொட்டி அலசிவிட்டுப் போடுங்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோடம் அடாப்டரைப் பிடுங்குவேன். 'டக்' சத்தம் கேட்டு, ஸ்பாஞ்சில் குமிழி வர ஆரம்பித்ததும், மல்ட்டிமீட்டரில் 12 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிவிடுவேன்.